வேலியில் இருக்கும் செங்காந்தளைக் கிழங்கோடு எடுத்து வேறு இடத்தில் வைத்தால் பிழைக்குமா?

மலையடிவாரம் எழுதியது:

எங்கள் நிலம் ஒடுகத்தூரிலிருந்து மலைப்பக்கம் போகிற வழியில், காப்புக்காட்டு எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. இரண்டரை ஏக்கர். தாத்தா காலத்து உயிர்வேலி: கிளுவை, சூரை, காரை, நடுநடுவே சப்பாத்திக்கள்ளி. அதில் வடக்குப் பக்கம் மட்டும், ஒரு நாற்பதடி நீளத்துக்கு, வருஷா வருஷம் ஆடி மழைக்குப் பிறகு ஒரு கொடி தலை நீட்டும். ஆவணி கடந்தால் பூ. முதல் நாள் பச்சையும் மஞ்சளுமாகத் தலை குனிந்து நிற்கும். அப்புறம் இதழெல்லாம் பின்னால் மடங்கி மேலே எழும்பும், ஓரமெல்லாம் நெளிநெளியாக. நாலைந்து நாளில் நுனியிலிருந்து சிவப்பு இறங்கி முழுப் பூவும் ரத்தச் சிவப்பாகிவிடும். ஒரே கொடியில் மேலே மஞ்சள், கீழே சிவப்பு என்று பார்க்கலாம்.

ஆயா எங்களைக் கிட்டே விட மாட்டாள். "அதத் தொட்ட கையால கண்ணக் கசக்குனா கண்ணு வலி வந்துடும்டா" என்பாள். எங்களுக்கு அது கண்வலிப் பூ, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள் என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். எங்கள் வேலியில் இருப்பதுதான் அது என்று தெரிந்தது வேலைக்குப் போன பிறகு.

விஷயம் இதுதான். அண்ணன் வேலியை எடுத்துவிட்டுக் கல்தூண் நட்டு முள்கம்பி போடப் போகிறார். காட்டுப்பன்றி மல்லாட்டையை (நிலக்கடலை) கிளறுகிறது, வேலியே ஆறடி நிலத்தைத் தின்கிறது என்கிறார். அவர் சொல்வதும் பொய் இல்லை. பொங்கல் கழிந்து ஜேசிபி வருகிறது. இதற்கு நடுவில் போன வாரம் பைக்கில் இரண்டு பேர் வந்து, "கிழங்கை நாங்களே தோண்டிக்கிறோம், கிலோவுக்குக் காசு குடுக்கிறோம்" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஜேசிபி வருவதற்கு முன் கிழங்குகளை எடுத்து சத்துவாச்சாரி வீட்டு மாடியில் தொட்டியில் வைக்கலாம் என்று பார்க்கிறேன். ஆனால் போன வருஷம் புரட்டாசியில் ஒன்றைப் பூவோடு, மண்கட்டியோடு எடுத்துப் பெயிண்ட் வாளியில் வைத்தேன். ஐந்தாம் நாள் கொடி படுத்துவிட்டது. கிளறிப் பார்த்தால் கிழங்கு இருந்த இடத்தில் சுருங்கின தோல்தான் இருந்தது. எங்கே தப்பு செய்தேன்?

காட்பாடி மாடித்தோட்டம் எழுதியது:

எங்கள் மாடியில் மூன்று வருஷமாக இருக்கிறது. ஒன்றரை அடி ஆழத் தொட்டி, செம்மண்ணும் மணலும் பாதிக்குப் பாதி, அடியில் ஓட்டாஞ்சில்லு. தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். கொடி காய்ந்த பிறகு சொட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், செத்துப்போயிற்று என்று தொட்டியைக் கொட்டியும் விடாதீர்கள். ஆடியில் தானே வரும்.

கிழங்கு ஆன்லைனிலேயே கிடைக்கிறது. நான் அப்படித்தான் வாங்கினேன். வேலியில் இருப்பதோடு ஏன் போராட வேண்டும்?

பழைய மருந்துக்கடை எழுதியது:

காட்பாடி அம்மா சொன்னது தொட்டிக்குச் சரி. அந்த ஆன்லைன் கிழங்கு எங்கிருந்து கிளம்பி வருகிறது என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது. அந்த வியாபாரத்தில் எங்கள் வீட்டுக்கும் பங்கு இருந்ததால் சொல்கிறேன்.

எங்கள் நைனா வேலூரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். லாங்கு பஜாரை ஒட்டின ஒரு சந்து. இன்னும் வட ஆற்காடு மாவட்டம் என்றே எழுதிக்கொண்டிருந்த காலம். ஜவ்வாது மலை இப்போது வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டத்துக்குப் பங்கு போயிருக்கிறது. அப்போது எங்களுக்கு எல்லாம் ஒரே மலைதான். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை பக்கத்திலிருந்து மலையாளிகள் தலைச்சுமையாக நடந்து இறங்குவார்கள் (கேரளத்துக்காரர்கள் இல்லை, இந்த மலையின் பழங்குடிகளுக்குப் பெயரே அதுதான்). கடுக்காய், புளி, சீயக்காய், பூந்திக்கொட்டை, தேன். தை மாசியில் மட்டும் ஒரு சின்ன மூட்டை கலப்பைக்கிழங்கு. கடையில் அதற்கு அதுதான் பெயர். இரண்டு கொம்பும் விரிந்து ஏர்க்கலப்பை மாதிரி இருக்கும்.

முதலில் வைத்தியர்களுக்குத்தான் போகும். உப்புப் போட்ட மோரில் ராத்திரி ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, அதைப் பல நாள் திருப்பித் திருப்பிச் செய்து சுத்தி பண்ணுவார்கள். வருஷத்துக்குப் பத்து இருபது கிலோ போனால் அதிகம். அதனால் மலைக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அப்புறம் மேற்கேயிருந்து ஆர்டர் வர ஆரம்பித்தது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் இதைக் கம்பிப் பந்தல் போட்டு விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். விதையிலிருந்து கோல்ச்சிசின் என்கிற மருந்துச் சரக்கை எடுக்க வெளிநாட்டுக்குப் போகிறது. பயிர் செய்வது நல்லதுதானே, காடு தப்பித்ததே என்று நினைப்போம். நானும் நினைத்தேன். ஆனால் புதிதாகப் பந்தல் போடுகிறவனுக்கு நட கிழங்கு வேண்டும். விதை போட்டு முளைக்கவைத்தால் பூ வரவே மூன்று நான்கு வருஷம் ஆகும், எவன் காத்திருப்பான்? கிழங்கு காட்டிலிருந்து வந்தது.

அந்த மூட்டைகளை நான்தான் பிரித்துக் கொட்டித் தரம் பார்ப்பேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. கிழங்கின் ஒவ்வொரு கொம்பு நுனியிலும் வெளுப்பாக ஒரு முளை இருக்கும், அரிசி முனை அளவு. அந்த ஒன்றுதான் உயிர். உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் கிடையாது. முனை ஒடிந்தால் அந்தக் கொம்பு முடிந்தது, எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. கிழங்கோ கையில் எடுத்தால் மளுக்கென்று ஒடிகிற சாதி. மூட்டையில் கால்வாசி ஒடிந்துதான் வரும். அதைக் கடைக்குப் பின்னால் கொட்டிவிடுவோம். ஒரு வருஷம் அந்தக் குவியல் முழங்கால் உயரம் இருந்தது. வைகாசி மழையில் நனைந்து, ஆனியில் நாற்றம் அடித்து, கடைசியில் அதிலிருந்து நாலு முளைதான் வெளியே வந்தது. நைனா அந்த நாலையும் கிணற்றடியில் நட்டார். அத்தனை செடி எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மலைக்காரர்கள் மேல் பழி போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்களுக்குக் கொண்டுவருகிற ஒரு பெரியவர் எப்போதும் ஒற்றைக் கொம்பாகவே கொண்டுவருவார். முழுதாகக் கொண்டுவந்தால் எடை கூடுமே என்று கேட்டேன். இன்னொரு கொம்பை அதே குழியில் போட்டு மூடிவிட்டு வருவதாகச் சொன்னார். "அடுத்த வருசமும் நான்தானே வரணும்" என்றார். ஆர்டர் பெருகினபோது அவர் கொண்டுவருவது போதவில்லை. வேறு ஆட்கள், வேறு வண்டி. அவர்களுக்கு அடுத்த வருஷம் இந்த மலை இல்லாவிட்டால் இன்னொரு மலை.

சரி, உங்கள் பெயிண்ட் வாளிக்கு வருகிறேன். புரட்டாசியில் எடுத்ததுதான் தப்பு. இந்தச் செடி வருஷா வருஷம் கிழங்கை மாற்றிக்கொள்ளும். பழைய கிழங்கில் இருப்பதை உறிஞ்சித்தான் கொடியும் பூவும் வருகின்றன. பூக்கிற நேரத்தில் பழையது வற்றிக்கொண்டிருக்கும், புதியது இன்னும் திரளாமல் இருக்கும். நீங்கள் பார்த்த தோல் பழையது. புதியது வெண்டைக்காய் அளவுக்கு இருந்திருக்கலாம், மண்கட்டியோடு உதிர்ந்திருக்கும். கொடி முழுக்கக் காய்ந்து, இழுத்தால் கையோடு வருகிற நிலையில், தை கடைசி, மாசியில்தான் எடுக்க வேண்டும். கடப்பாரை வேண்டாம். களைக்கொத்தால் தண்டுக்கு ஒரு அடி தள்ளி ஆரம்பித்து உள்ளே வர வேண்டும்.

ஆனாலும் எடுக்காதீர்கள் என்றுதான் சொல்லுவேன். உயிர்வேலிக் கிழங்கு கிளுவை வேர்களுக்கு நடுவில் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கடையில் கொட்டின குவியலில் வேலியோரத்துக் கிழங்குதான் அதிகம் ஒடிந்திருக்கும். பத்து எடுத்தால் நாலு முழுசாக வந்தால் பெரிது.

அப்புறம் அது ஏன் உங்கள் வேலியில் அந்த நாற்பதடியில் மட்டும் இருக்கிறது என்று யோசித்தீர்களா? காந்தள் அடர்ந்த காட்டுச் செடி இல்லை. காட்டு ஓரம், புதர், பாறை இடுக்கு. காலுக்கு நிழல், தலைக்கு வெயில் வேண்டும். இலை நுனியே சுருண்டு கொக்கி மாதிரி ஆகி, அதனால்தான் ஏறும். ஒரு இலையை விரலில் தொட்டுப் பாருங்கள் (தொட்டுவிட்டு கை கழுவுங்கள், ஆயா சொன்னது சரி). அந்தச் சுருள் பிடிக்க விரல் பருமனைவிட ஒல்லியான சுள்ளி வேண்டும். சூரையும் காரையும் அதைத் தருகின்றன. முள் இருப்பதால் ஆடும் கிட்டே வராது. வேரடி நிழலாக, சருகு மூடி, கோடையில் கிழங்கு வேகாமல் கிடக்கும். இதெல்லாம் ஒரே இடத்தில் அமைவது மலையடிவாரத்தில் இப்போது பழைய உயிர்வேலியில்தான்.

மற்ற இடமெல்லாம் போய்விட்டது. அமிர்தி பக்கம் நான் சின்ன வயசில் பார்த்த ஒற்றையடிப் பாதை ஓரமெல்லாம் இன்றைக்கு உண்ணிச்செடி. பூ அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பாய் விரித்த மாதிரி அடைத்துக்கொள்வதால் கீழே ஆடியில் முளைக்கிற எதற்கும் வெளிச்சம் கிடையாது. சமவெளிக்கு வந்தால் வேலிகாத்தான், அதாவது சீமைக்கருவேலம். ரோடு அகலப்படுத்தினால் முதலில் போவது ஓரத்துப் புதர். மனை போட்டால் முதலில் போவது வேலி. கிழங்கு திருடுகிறவனை எல்லோரும் திட்டுகிறோம். வேலியை எடுக்கிறவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, ஏனென்றால் அது நாம்தான்.

ஜேசிபி வாளி ஒரு முறை இறங்கினால் இரண்டடி மண் போகும். கிழங்கு இருப்பது முக்கால் அடி, ஒரு அடி ஆழத்தில். அண்ணனிடம் பேசுங்கள். மூன்று பக்கமும் கம்பி போடட்டும், வடக்கு நாற்பதடி வேலியை மட்டும் விட்டுவிட்டு அதற்கு உள்பக்கமாகக் கம்பி இழுக்கட்டும். பன்றிக்குக் கம்பி, பூவுக்கு வேலி.

பைக்கில் வந்தவர்களை மட்டும் உள்ளே விடாதீர்கள். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் அவர்கள் தோண்டினால் அது வனச் சட்டப்படி குற்றம். அதனால்தான் பட்டா நிலமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

வார்டு அக்கா எழுதியது:

எல்லோரும் பூவையே பேசுகிறீர்கள், மாடியில் தொட்டி வைக்கப்போகிற தம்பி இதையும் படிக்கட்டும். நான் இருபது வருஷத்துக்கு மேல் அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்தவள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். மழைக்காலத்தில் இந்தக் கிழங்குக் கேஸ் வரும். சிலர் தெரிந்தே சாப்பிட்டவர்கள், அந்தக் கதை வேறு. தெரியாமல் சாப்பிட்டவர்களும் உண்டு. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றுவிடுவார்கள். அவித்தாலும் விஷம் போகாது.

சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. பார்ப்பதற்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத மாதிரிதான் இருக்கும். குளுக்கோஸ் ஏற்றினால் கொஞ்சம் தெளிவார்கள், வீட்டுக்குப் போகிறேன் என்பார்கள். அங்கேதான் ஏமாறுவோம். இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் ரத்த அணு இறங்கும், சிறுநீரகம் மடங்கும். முறிமருந்து என்று கையில் எடுத்துப் போட ஒன்றும் கிடையாது. தாக்குப்பிடிக்கவைத்துக் காப்பாற்றுவதுதான். பிழைத்தவர்களுக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்து முடி கொட்டும். ஒரு பெண், வந்த அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், சீப்போடு முடி கொத்தாக வந்தபோது வார்டே கேட்கிற மாதிரி அழுதாள். திரும்ப வளரும் என்று சொன்னால் நம்பவே இல்லை. வளர்ந்தது.

இதே கோல்ச்சிசினைத்தான் கீல்வாதத்துக்கு மில்லிகிராமுக்கும் குறைந்த அளவில் மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு வீட்டில் அரைத்துக் குடிக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பிரசவம் சுலபமாக ஆகும் என்று அரைத்துப் பூசுகிற பழக்கமும் சில வீட்டில் இருந்தது. அதுவும் வேண்டாம்.

கிழங்கைச் சமையற்கட்டுப் பக்கம் வைக்காதீர்கள். பழைய மருந்துக்கடை அண்ணா தரம் பார்த்த கையோடு சாப்பிட உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

பழைய மருந்துக்கடை எழுதியது:

நைனா புளி போட்டுத் தேய்த்துக் கழுவச் சொல்லுவார் அம்மா. சோம்பேறித்தனமாக ஒரு நாள் வெறும் தண்ணீரில் கழுவிவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

காட்பாடி மாடித்தோட்டம் எழுதியது:

படித்துவிட்டு என் தொட்டியைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கிறது. வாங்கினபோது இதெல்லாம் தோன்றவில்லை. ஒரு சந்தேகம்: மூன்று வருஷமாகப் பூக்கிறது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. உரம் போதவில்லையா?

பழைய மருந்துக்கடை எழுதியது:

உரம் இல்லை. பூவை உற்றுப் பாருங்கள். ஆறு மகரந்தத் தண்டும் வண்டிச் சக்கர ஆரம் மாதிரி வெளியே விரிந்திருக்கும், சூல்தண்டு அடியிலேயே முறித்துவிட்ட மாதிரி பக்கவாட்டில் மடங்கி ஒரு ஓரமாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றுக்கொன்று படாது. பெரிய பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வந்து சுற்றினால்தான் மகரந்தம் அங்கே சேரும். மூலனூர்ப் பக்கம் காலையில் ஆள் வைத்துப் பூப் பூவாகக் கையால் தொட்டுவைக்கிறார்கள். உங்கள் மாடியில் ஒற்றைச் செடி, சுற்றிலும் சிமெண்டு. பட்டாம்பூச்சி எதற்கு ஏறி வரும்? காலையில் நீங்களே ஒரு பூவின் தூளை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தடவிப் பாருங்கள்.

மலையடிவாரம் எழுதியது:

தாமதத்துக்கு மன்னியுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தேன். அண்ணனிடம் பேசினேன். பூ, மாநில மலர், சங்கப் பாட்டில் பெண்ணின் விரலுக்கு உவமை என்றெல்லாம் ஆரம்பித்தேன். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் வடக்குப் பக்கத்து வேலியை எடுக்க ஜேசிபிக்கு எத்தனை மணி நேரம் ஆகும், வாடகை எவ்வளவு, கிளுவைக் கட்டைகளை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "சரி, அந்தச் சனியன அப்படியே உடு" என்றார். கம்பி உள்பக்கமாக வருகிறது. ஆறடி நிலம் போனது போனதுதான் என்று இன்னும் முணுமுணுக்கிறார்.

ஆனால் ரோட்டுப் பக்கம் பத்தடிக்குக் குழி குழியாக இருக்கிறது. எண்ணினேன், ஏழு. ராத்திரியில் வந்திருக்கிறார்கள். ஒடிந்த கொம்புகளை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், மாட்டுக்கொம்பு உடைந்து கிடக்கிற மாதிரி. பொறுக்கி எடுத்தேன், பதினொன்று. இதில் ஏதாவது தேறுமா? அப்புறம் வேலியில் மீதி இருக்கிற காய்கள் வெடிக்க ஆரம்பித்திருக்கின்றன, உள்ளே ஆரஞ்சுச் சிவப்பில் உருண்டை விதை. அதை அங்கேயே விதைத்தால் வருமா?

பழைய மருந்துக்கடை எழுதியது:

முனையைப் பாருங்கள் தம்பி. அரிசி முனை மாதிரி முளை ஒட்டியிருந்தால் அது உயிரோடு இருக்கிறது, பின்பக்கம் எவ்வளவு ஒடிந்திருந்தாலும் பரவாயில்லை. ஒடிந்த வாயில் சாம்பல் தடவி நிழலில் நாலைந்து நாள் ஆறவையுங்கள். பிறகு காய்ந்த மணலில் புதைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைகாசிவரை வைத்திருங்கள். முதல் நல்ல மழைக்கு அதே குழியில், படுக்கைவாக்கில், நாலு விரல் ஆழத்தில் வையுங்கள். முனை இல்லாததை ஆழமாகப் புதைத்துவிடுங்கள், ஆடு மாடு வாய் வைக்கக் கூடாது.

விதையை வேலியடியில் சருகை விலக்கிப் போட்டு மூடுங்கள். நிறையப் போடுங்கள். பாதிக்கு மேல் முளைக்காது, முளைப்பதும் உங்கள் அவசரத்துக்கு வராது. வருகிறது முதலில் புல் மாதிரிதான் தெரியும். அண்ணன் களை என்று பிடுங்கிவிடப் போகிறார், போட்ட இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள்.

மலையடிவாரம் எழுதியது:

பதினொன்றில் நாலுக்கு முனை இருக்கிறது. மணலில் வைத்தாயிற்று, பானை மேல் ஆயா ஒரு கல்லையும் தூக்கி வைத்துவிட்டாள். விதை போட்ட இடத்தில் ஒன்பது குச்சி நட்டேன். என்னடா இது என்று அண்ணன் கேட்டார். சர்வே குச்சி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.